தலைப் பூஜ்யத்தைப் போக்க எளிய வழிகள்

எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று ஆரம்பப் பள்ளியில் டீச்சர் சொன்னார். வாய்ப்பாட்டை மறந்தீர்கள், வகுத்தல் கணக்கை மறந்தீர்கள், இதை மட்டும் மறக்கவில்லை. அது போதும். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலை ஒரே வாரத்தில் நிறுத்திக் காட்டலாம். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மீதியை முறையாகச் செய்யத்தான் இந்தக் கையேடு.

பயிற்சிக்கு ஒரு களம் வேண்டும். மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலையில் உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு சிற்பக்கூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2017-இல் புவிசார் குறியீடு வாங்கிய கற்சிற்பம் அது. வெளிநாட்டு ஆர்டரெல்லாம் வரும். சித்தப்பா கணக்கெல்லாம் நீளநோட்டில் எழுதுவார். நீங்களோ சிறுசேரி சிப்காட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறீர்கள். "நீதான்ப்பா படிச்ச புள்ள, இத கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு" என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

நோட்டைத் திறங்கள். ஒரு வரியைப் பாருங்கள். சிலை எண் 0042. கருங்கல் பிள்ளையார், இரண்டடி. போக வேண்டிய இடம் அமெரிக்காவில் நியூஜெர்சி, எடிசன், 08820. தொடர்பு எண் 044 என்று ஆரம்பிக்கிறது. அனுப்ப வேண்டிய தேதி 08-09. கூடத்தில் போய்ப் பார்த்தால் பிள்ளையாரின் பீடத்துக்கு அடியிலும் சிவப்பு பெயிண்டில் 0042 என்று எழுதியிருக்கும். நாலு இலக்கம், கோணல் இல்லாமல், ஒரே உயரத்தில். சித்தப்பாவுக்குக் கணக்கு தெரியாதென்று நினைத்துக்கொள்ளுங்கள். கூடம் முழுக்க இருக்கும் சிலைகளுக்கு எண் எழுத வேண்டுமென்றால் எத்தனை இலக்கம் வேண்டுமென்று முதல் நாளே முடிவு பண்ணியவர் அவர் என்பதை மட்டும் யோசிக்காதீர்கள்.

வேலையை ஆரம்பிப்போம்.

1. எக்செல்லைத் திறங்கள். எதையும் மாற்றாதீர்கள். நேராக முதல் கட்டத்தில் 0042 என்று தட்டி என்டர் கொடுங்கள். 42 ஆகிவிடும். பக்கத்துக் கட்டத்தில் 08820. அது 8820 ஆகிவிடும். நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை, கம்ப்யூட்டரே செய்தது. வேலை எவ்வளவு சுத்தம் பார்த்தீர்களா? இந்த ஒரு படியிலேயே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். நீங்கள் அப்படிப்பட்டவரல்ல.

2. பக்கத்து மேசைக்காரர் எட்டிப்பார்த்து, "முன்னாடி ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடு, பூஜ்யம் நிக்கும்" என்பார். போடுங்கள். பூஜ்யம் நிற்கும். ஆனால் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் முளைக்கும். பச்சை முக்கோணம் என்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அதைச் சொடுக்குங்கள். 'எண்ணாக மாற்று' என்று ஒரு வரி வரும். மொத்தப் பத்தியையும் தேர்ந்தெடுத்து அதை அமுக்குங்கள். முக்கோணங்கள் எல்லாம் மறைந்து திரை பளிச்சென்று இருக்கும். பூஜ்யங்களும் போயிருக்கும்.

3. பாதி வரிசையில் மேற்கோள் போட்டும் பாதியில் போடாமலும் விட்டால் இன்னும் விசேஷம். ஒரு பக்கம் எழுத்தாக 0042, மறுபக்கம் எண்ணாக 42. இப்போது வீ-லுக்அப் போட்டு விலையைத் தேடுங்கள். 'கிடைக்கவில்லை' என்று வரும். பிள்ளையார் கண் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார், ஷீட்டில் மட்டும் இருக்க மாட்டார். சித்தப்பா கேட்பார்: "நாப்பத்திரண்டு எங்கப்பா?" "இருக்குது சித்தப்பா, சிஸ்டம்தான் காட்ட மாட்டேங்குது" என்று சொல்லுங்கள். எல்லாப் பழியும் சிஸ்டத்தின் மேல் போகும்.

வேண்டுமானால் தேடும் பெட்டியில் 42 என்று தட்டச் சொல்லுங்கள். 142 வரும், 242 வரும், 420-உம் வரும். 0042 என்று நாலு இலக்கமாகவே இருந்திருந்தால் இத்தனை கூட்டம் வந்திருக்காது. (420 என்றதும் சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2024 ஜூலை 1 முதல் மோசடிக்கு 420-ஆம் பிரிவு கிடையாது. புதிய சட்டத்தில் அது 318. சினிமாக்காரர்கள்தான் இன்னும் மாறவில்லை.)

4. கொஞ்சம் விவரமானவர் என்று காட்டிக்கொள்ள வேண்டுமா? கட்டத்தின் வடிவமைப்பில் 00000 என்று கொடுங்கள். 8820 என்பது 08820 என்று தோன்றும். தோன்றும், அவ்வளவுதான்; உள்ளே இருப்பது 8820-தான். இதைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக (சிஎஸ்வி) சேமியுங்கள். கோப்பில் 08820 என்றுதான் பதிவாகும், கவலைப்படாதீர்கள். அதே கோப்பை மறுபடி எக்செல்லில் திறந்து, ஒன்றும் செய்யாமல் 'சேமி' அமுக்குங்கள். போயே போச்சு. யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குற்றவாளி இல்லாத குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

2023 கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதியைக் கொடுத்தது. தலைப் பூஜ்யத்தைத் தானாக நீக்கும் பழக்கத்தை அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிடலாம். நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

5. அடுத்தது வங்கிக் கணக்கு எண், கைபேசி எண். 91-ஐ முன்னால் சேர்த்துக் கைபேசி எண்ணைத் தட்டினால் பன்னிரண்டு இலக்கம். எக்செல் அதை 9.19ஈ+11 என்று ஆக்கிவிடும். அதைப் பார்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். பதினாறு இலக்கக் கணக்கு எண் என்றால் இன்னும் சிறப்பு. எக்செல்லுக்குப் பதினைந்து இலக்கம்தான் ஞாபகம் இருக்கும். பதினாறாவது எதுவாக இருந்தாலும் பூஜ்யம் ஆகிவிடும். தலையில் பறித்த பூஜ்யத்தை வாலில் திருப்பித் தருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் விடாதீர்கள். மொத்தம் பதினோரு இடம். முதல் நாலு எழுத்து வங்கியைச் சொல்லும், கடைசி ஆறு இடம் கிளையைச் சொல்லும். நடுவில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான், எந்த வங்கியானாலும் சரி. அதனால்தான் அங்கே ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்ட வேண்டும். பார்க்க இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது!

6. இதுவரை சொன்னது வீட்டு வைத்தியம். இனி பெரிய மருந்து.

எக்செல்லில் ஒரு கட்டம், ஒரு தப்பு. ஒவ்வொன்றாகச் செய்ய நேரம் ஆகும். கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர் இந்தக் கஷ்டத்தை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார். ஹார்வர்டில் இருந்தபோது கணிதம் எழுத ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். 1962-இல் அது புத்தகமாக வந்தது. ஐபிஎம்மில் அது ஏபிஎல் என்ற நிரல்மொழி ஆயிற்று. 1979-இல் அவருக்கு டூரிங் விருது. பிறகு 1990-இல் ரோஜர் ஹுய்யோடு சேர்ந்து ஜே என்ற இன்னொரு மொழியையும் செய்தார். இவற்றை அணிவரிசை மொழிகள் என்பார்கள். ஒரு எண்ணுக்கு என்ன செய்கிறோமோ அதையே ஒரு வரிசை முழுவதற்கும் ஒரே மூச்சில் செய்யலாம். சுற்றிச் சுற்றி வரும் கட்டளைகளே வேண்டாம். ஆயிரம் சிலைகளின் எண்களை ஒரே வரியில் கெடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. சிறுசேரியில் யாராவது பங்குச்சந்தை வேலைக்காக இதன் பேரப்பிள்ளையான க்யூ மொழியில் எழுதிக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்டால் கண்கள் மின்னும். கேளுங்கள். ஆனால் பதிலை முழுதாகக் கேட்காமல் பாதியில் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சொல்லித்தருகிறேன். 42-க்கு முன்னால் இரண்டு பூஜ்யம் வேண்டும். பத்தாயிரத்தைக் கூட்டுங்கள். 10042. அதை எழுத்தாக்குங்கள். தலையில் இருக்கும் ஒரு எழுத்தைக் கிள்ளிப் போடுங்கள். ஏபிஎல்லில் இப்படி:

1↓⍕10000+42

விடை 0042. ஜே மொழியில் இன்னும் அடக்கம்:

}.":10000+42

அதே விடை. அழகுதானே? ஒப்புக்கொள்கிறேன், அழகுதான். அழகில் மயங்கி, சோதித்துப் பார்க்காமல், அப்படியே சித்தப்பாவின் முழு வரிசைக்கும் போடுங்கள்:

1↓⍕10000+7 42 365

வருவது 0007 10042 10365. முதல் எண்ணின் தலையை மட்டும் கிள்ளிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டது. மொழியின் மேல் தப்பில்லை. மூன்று எண்ணையும் சேர்த்து நடுவில் இடம் விட்டு ஒரே நீளச் சரமாக எழுதியது, நீங்கள் ஒரு எழுத்தைக் கிள்ளச் சொன்னீர்கள், ஒன்றைக் கிள்ளியது. 'ஒவ்வொன்றுக்கும்' என்று சொல்லும் இரட்டைப் புள்ளிக் குறியை இரண்டு இடத்தில் போட்டு 1↓¨⍕¨10000+7 42 365 என்று எழுதியிருந்தால் 0007, 0042, 0365 என்று ஒழுங்காக வந்திருக்கும். அந்தப் புள்ளிகளைத் திரையில் படிந்த தூசி என்று துடைத்துவிடுங்கள். விடையின் முதல் வரியில் 0007 என்று பார்த்ததும் 'சரியா வருது' என்று முடிவு பண்ணி வீட்டுக்குக் கிளம்புங்கள். சோதனை என்பது முதல் வரியைப் பார்ப்பது. இது உங்கள் ஆபீசில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான்.

7. புள்ளியைப் போட்டே தீருவேன் என்று ஒரு நேர்மையாளர் அடம்பிடித்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு கதவு திறந்திருக்கிறது.

முதல் கதவு: சித்தப்பாவின் சிற்பக்கூடம் நன்றாக நடந்து, ஒருநாள் சிலை எண் 10042-ஐத் தொடுகிறது. 1↓⍕10000+10042. கூட்டினால் 20042. தலையைக் கிள்ளினால் 0042! புதுச் சிலைக்கும் பழைய பிள்ளையாருக்கும் ஒரே எண். பிழைச் செய்தி வராது, மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. எடிசனில் பிள்ளையார் கேட்டவர் வீட்டு வாசலில் நந்தி இறங்கும். அதற்குள் நீங்கள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பீர்கள்.

இரண்டாவது கதவு: திரும்பி வந்த சிலைக்குக் கணக்கில் கழித்தல் குறி போடுங்கள். ஏழாம் எண் சிலை உடைந்து திரும்பி வந்தது, ஆகவே -7. பத்தாயிரத்தோடு கூட்டினால் 9993. தலையைக் கிள்ளினால் 993. உடைந்த சரஸ்வதி, இன்னும் செதுக்கவே ஆரம்பிக்காத 993-ஆம் சிலை ஆகிவிட்டாள். வேறு முறை வேண்டுமென்றால் எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்துப் பாருங்கள்: 10 10 10 10⊤42 என்றால் 0 0 4 2 என்று பிரமாதமாக வரும். 12345-ஐக் கொடுத்தால் 2 3 4 5 என்று வரும்; தலையில் இருந்த 1 சத்தமில்லாமல் கடலுக்குப் போய்விட்டது. -7-ஐக் கொடுத்தால் 9 9 9 3. எப்படிப் போனாலும் ஏமாற்றாத முறை.

ஒரே ஓர் அபாயம் இருக்கிறது. ஏபிஎல்லிலேயே வடிவமைப்புக்கென்று தனிக் கட்டளை உண்டு. 'நாலு இலக்கம், காலியிடத்தில் பூஜ்யம்' என்று அதனிடம் சொல்லிவிட்டால் கூட்டல் கிள்ளல் எதுவும் இல்லாமல் வரிசை முழுவதையும் ஒழுங்காக எழுதிக்கொடுக்கும். அதைவிட மோசம், எண் பெரிதாகி இடத்துக்குள் அடங்காவிட்டால் தலையை வெட்டாமல் நாலு நட்சத்திரத்தைப் போட்டு ஊரைக் கூட்டிவிடும். ஃபோர்ட்ரானுக்கும் இதே புத்தி. தப்பு நடந்ததும் கத்துகிற கருவியை வைத்துக்கொண்டு நம்மால் தொழில் பண்ண முடியாது. கையேட்டில் அந்தப் பக்கத்தை மடித்துவையுங்கள்.

8. இனி சி மொழிப் பக்கம். இங்கே தலைப் பூஜ்யத்தைப் பறிக்கத் தேவையில்லை. அப்படியே விட்டாலே போதும். சி மொழியில் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் எண் எட்டின் அடுக்கில் எழுதியது என்று பொருள். 044 என்று எழுதுங்கள். கம்ப்யூட்டர் அதை 36 என்று படிக்கும். நாலெட்டு முப்பத்திரண்டு, அதோடு நாலு. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் முன்பு இருந்த எஸ்டிடி எண் 04114. பழைய பெயர்ப்பலகைகளில் இன்னும் பார்க்கலாம். அதைக் கொடுத்தால் 2124. எடிசனின் 08820-ஐக் கொடுத்தால் மட்டும் கோபித்துக்கொள்ளும், ஏனென்றால் எட்டின் அடுக்கில் 8 என்ற இலக்கமே கிடையாது.

இந்தக் கோபத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். லினக்ஸ் கட்டளைக் கோப்பில் மாதத்தை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எடுத்து அப்படியே கணக்குப் போடுங்கள். ஜனவரி முதல் ஜூலை வரை ஒழுங்காக ஓடும். ஆகஸ்ட் வந்தால் 08, செப்டம்பர் வந்தால் 09, இரண்டு மாதமும் வேலைநிறுத்தம். அக்டோபரில் தானே சரியாகிவிடும். 'என்ன பண்ணீங்க?' என்று கேட்டால் 'ரீஸ்டார்ட் பண்ணேன் சார்' என்று சொல்லிப் பாராட்டு வாங்குங்கள். நம் பிள்ளையாரின் தேதி 08-09. தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் மாட்டும்.

9. தேதி என்றதும் இன்னொன்று. வருஷம், மாதம், நாள் மூன்றையும் பூஜ்யம் இல்லாமல் ஒட்டி எழுதுங்கள். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29. 20191129. இது தப்பித்துவிடும், எல்லாமே இரண்டு இலக்கம். அதே வருஷத்தில் 2019111 என்று ஒரு பில் இருந்தால் அது ஜனவரி 11-ஆ, நவம்பர் 1-ஆ? வரி ஆலோசகர் கண்டுபிடிக்கட்டும். அவருக்கும் வேலை வேண்டாமா?

சிலைகளின் புகைப்படங்களுக்கும் இதே முறையில் பெயர் வையுங்கள்: சிலை1, சிலை2, சிலை3. பட்டியலில் சிலை1-க்கு அடுத்து சிலை10 வரும், அப்புறம் சிலை100, அதற்கப்புறம்தான் சிலை2. வாடிக்கையாளர் இரண்டாவது படத்தைப் பார்த்து 'இதுதான் வேண்டும்' என்பார்.

10. இதற்குள் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்கும். பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கலாமே என்று தோன்றும். நல்ல எண்ணம். கொடுங்கள், ஆனால் தேவையில்லாத இடத்தில் கொடுங்கள்.

மாமல்லபுரத்தின் அஞ்சல் குறியீடு 603104. அதற்கு முன்னால் ஒரு பூஜ்யம் வையுங்கள். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் 1972 ஆகஸ்ட் 15-இல் இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது முதல் இலக்கம் 1 முதல் 8 வரை நாட்டின் பகுதிகளுக்கு, 9 ராணுவத்துக்கு என்று பிரித்தார். பூஜ்யத்தில் ஒரு ஊரும் ஆரம்பிக்காது. ஆதார் எண்ணும் பூஜ்யத்தில் ஆரம்பிக்காது. இவர்கள் எக்செல் வருவதற்கு முன்பே, வந்த பின்பும், நம்மைப் பற்றி முன்ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். அமெரிக்காக்காரர்கள் அவ்வளவு உஷாரில்லை. நியூஜெர்சியும் பாஸ்டனும் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கின்றன. சிங்கப்பூரில் மெரினா பே பக்கம் 01. நம் ஆட்கள் குடியிருக்கும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் வரும் 515 பேருந்தை 0515 என்று எழுதுங்கள். ஒருவரும் ஏற மாட்டார். ரயிலுக்கு மட்டும் தலையில் பூஜ்யம் வைக்காதீர்கள், அது விளையாட்டல்ல. 2010 டிசம்பரில் வண்டி எண்கள் ஐந்து இலக்கமானபோது, பூஜ்யத்தில் ஆரம்பித்தால் சிறப்பு ரயில் என்று வைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு சாதாரண பாசஞ்சர் வண்டிகளும் அந்தப் பூஜ்யத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடின. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாயானது. வண்டி அதே வண்டி, பெட்டி அதே பெட்டி, நின்ற ஸ்டேஷனும் அதே ஸ்டேஷன். கட்டணம் 2024 பிப்ரவரியில் இறங்கியது; பூஜ்யம் 2025 ஜனவரி 1-இல்தான் இறங்கியது. முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று சொன்ன டீச்சரும் முப்பது ரூபாய் இருந்த நாட்களில் செங்கல்பட்டு ஜங்ஷனில் முப்பது ரூபாய் கொடுத்துத்தான் டிக்கெட் எடுத்திருப்பார். மதிப்பு இருபது ரூபாய்.

தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசிக்குப் பேசும்போது தலையில் பூஜ்யம் கட்டாயம் என்பதும் 2021 ஜனவரி 15-இலிருந்து விதி. சித்தப்பாவின் கூடத்தில் இன்னும் தரைவழித் தொலைபேசி இருந்தால் பூஜ்யம் இல்லாமல் சுழற்றச் சொல்லுங்கள். பதிவு செய்த ஒரு அம்மாவின் குரல் கேட்கும். அவரோடு சண்டை போடட்டும்.

11. இது மேல்நிலைப் பயிற்சி. தமிழ்ப் பற்று உள்ளவர்களுக்கு மட்டும். எண்களையெல்லாம் தமிழ் எண்ணில் மாற்றுங்கள்.

1760, 70-களில் தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் காலத்து ஊர்க்கணக்குகள் ஓலையில் இன்னும் இருக்கின்றன. நிலம், நெல், பங்கு, மானியம் என்று இத்தனை கணக்கும் தமிழ் எண்ணிலும் பின்னத்திலும் எழுதியவை. அந்த எழுத்து முறையில் பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. நாற்பத்திரண்டு என்றால் ௪௰௨. பூஜ்யம் என்ற குறியே இல்லை. ஆகவே தலையில் வைக்கவும் ஆளில்லை, பறிக்கவும் ஆளில்லை. கணக்கப்பிள்ளைகள் ஒரு பூஜ்யம்கூட இல்லாமல் ஊரையே அளந்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்தக் குறையை நிவர்த்தி செய்யத்தான் 2005-இல் யூனிகோடில் தமிழுக்கும் ஒரு பூஜ்யம் சேர்த்தார்கள். இனிமேல் நாமும் ௦௦௪௨ என்று எழுதலாம்! எழுதுங்கள். பைத்தான் மொழியில் எண்ணாக்கும் கட்டளையிடம் அதைக் கொடுங்கள். அந்த மொழிக்குத் தமிழ் இலக்கமும் தெரியும். மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு 42 என்று திருப்பித் தரும். சொந்த எழுத்தில் எழுதினாலும் விடாது. உலகத்தரம் என்பது இதுதான்.

12. கடைசியாக, நோட்டு. சித்தப்பாவின் நீளநோட்டு இருக்கும்வரை உங்கள் உழைப்புக்குப் பலன் இருக்காது. பார்சல் கட்டும்போது அவர் ஷீட்டைப் பார்க்க மாட்டார். நோட்டைப் புரட்டி, பீடத்தின் சிவப்பு எண்ணோடு ஒப்பிட்டு, மரப்பெட்டியின் மேல் கையால் 08820 என்று எழுதிவிடுவார். பிள்ளையார் நேராக எடிசன் போய்விடுவார். ஆகவே நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுங்கள். 'எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது சித்தப்பா' என்று சொல்லுங்கள். அவர் நம்புவார், நீங்கள் படித்த பிள்ளை.

எச்சரிக்கை: ஒரு காரியத்தை மட்டும் மறந்தும் செய்துவிடாதீர்கள். எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, வடிவமைப்பில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுவது. சிலை எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை, அஞ்சல் குறியீட்டை யாரும் பெருக்கப்போவதில்லை, தொலைபேசி எண்ணுக்கு யாரும் சராசரி எடுக்கப்போவதில்லை. அவையெல்லாம் பெயர்கள், எண் வேஷத்தில் இருக்கின்றன. இது தெரிந்தவர் ஒருவர் ஆபீசில் இருந்தால்கூட ஆபத்துதான், அரை நிமிஷத்தில் மாற்றிவிடுவார். அவரை உடனே வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுங்கள். அவருடைய ஊழியர் எண்ணைக் குறிப்பிடும்போது முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விட்டுவிடுங்கள்.